ஓசிடி மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம், மாற்றம் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?

புதூர்_அண்ணன் | ஞாயிறு, இரவு 10:12

தங்கச்சிக்காகக் கேட்கிறேன். வயது 23. எம்.காம் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகவே கை கழுவுவது கூடிக்கொண்டே வந்தது. "பிள்ளைக்குச் சுத்தம் அதிகம்" என்று வீட்டில் பெருமையாகக்கூடச் சொன்னார்கள். இப்போது கை கழுவினால் அவளால் குழாயை மூட முடியவில்லை. கழுவுவதற்கு முன்னால் அழுக்குக் கையால்தானே திருகைத் தொட்டோம் என்று திருகுக்குச் சோப்புப் போடுகிறாள். அந்தத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று மறுபடி முழங்கை வரை கழுவுகிறாள். கடைசியில் அம்மா போய் மூடிவிட வேண்டியிருக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் வரும் அன்று பிடித்து வைத்த டிரம் மதியத்துக்குள் காலி. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது. "இது தேவையில்லாததுன்னு எனக்கே தெரியுதுண்ணே, ஆனா விட முடியல" என்று அழுகிறாள்.

மனநல மருத்துவரிடம் காட்டினோம். ஓசிடி என்றார், அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் நோய். ஃப்ளூவாக்செட்டின் 20 மி.கி. கொடுத்து, இரண்டு வாரம் கழித்து 40 ஆக்கினார். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் இருந்தன, போய்விட்டன. ஆனால் கழுவுவது அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அம்மா, மாத்திரை பழகிவிடும் என்கிறார். அப்பத்தா பாண்டி கோயிலுக்கு அழைத்துப்போகச் சொல்கிறது. பெரியப்பா ஏர்வாடி தர்காவுக்கு என்கிறார். நான் என்ன செய்ய?

உசிலைக்காரர் | ஞாயிறு, இரவு 10:47

தம்பி, மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு மாத்திரை எதற்கு? எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் உடம்பு ஊதி, எந்நேரமும் தூக்கம். ஒரு வேலையில் சேர்த்துவிடுங்கள், நாலு பேரோடு பழகினால் தானாக மறந்துவிடும். ஐந்து வாரம் சாப்பிட்டும் கேட்காத மருந்து இனிமேலா கேட்கப் போகிறது?

மனநல_மாணவி | திங்கள், காலை 6:30

அண்ணா, நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். உங்கள் தங்கையைப் பார்க்காமல் அவருக்கு மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோயில் மருந்து எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்ல முடியும்.

மனச்சோர்வுக்கு இதே மாத்திரையைக் கொடுத்தால் நாலைந்து வாரத்தில் முகம் தெளிய ஆரம்பிக்கும். ஓசிடி அப்படி இல்லை, மெதுவாகத்தான் அசையும். ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல 10 முதல் 12 வாரம் வேண்டும், அதுவும் போதுமான அளவில் கொடுத்த பிறகு. அந்த அளவும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் அதிகம். ஃப்ளூவாக்செட்டின் 60 வரைக்கும், சிலருக்கு 80 வரைக்கும் போகும். இதே வகை மற்ற மருந்துகளில் செர்ட்ராலின் 200, ஃப்ளூவாக்சமின் 300, எஸ்சிடாலோபிராம் 20 மி.கி. வரைக்கும். ஐந்தாவது வாரத்தில் 40 என்றால் பாதி வழியில் இருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது "அளவு கூட்டுவீர்களா, எப்போது?" என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று, "மாற்றம் இல்லை" என்பதை யார் அளந்தது? மருத்துவர்கள் ஒய்-பாக்ஸ் என்ற கேள்வித்தாளை வைத்து 0 முதல் 40 வரை மதிப்பெண் போடுவார்கள். எண்ணங்களுக்கு எவ்வளவு நேரம் போகிறது, செயல்களுக்கு எவ்வளவு நேரம், தடுத்தால் எவ்வளவு பதற்றம் என்றெல்லாம் தனித்தனியாகக் கேட்பார்கள். 30-இல் இருந்தவர் 18-க்கு வந்தால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் 18-இல் இருப்பவரும் கை கழுவிக்கொண்டுதான் இருப்பார். வீட்டில் பார்ப்பவர்களுக்கு "அப்படியேதான் இருக்கா" என்று தோன்றும். அதனால் தங்கையிடமே கேளுங்கள்: கழுவாமல் விட்டால் முன்பு வந்த பதற்றம் இப்போதும் அதே அளவு வருகிறதா என்று.

முதல் மருந்துக்குச் சுமார் பாதிப் பேர் கேட்கிறார்கள். கேட்காவிட்டால் வேறொன்றுக்கு மாற்றுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் க்ளோமிப்ரமின். பழைய மருந்துதான், ஓசிடிக்கென்று அமெரிக்காவில் 1989-இல் முதன்முதலாக அனுமதி பெற்றது அதுதான். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், இதயத் துடிப்பைப் பார்க்க ஈசிஜி எடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் அதை முதலில் எடுப்பதில்லை. சிலருக்கு ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் போன்றவற்றைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. முதல் மாத்திரையோடு கதவு மூடிவிடாது.

முக்கியமாக ஒன்று. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொடங்கிய முதல் சில வாரங்களிலும், அளவு கூட்டும்போதும், மன அமைதியின்மையும் செத்துப்போகலாம் என்ற எண்ணமும் வருகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அப்புறம், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு செலவும் பேச்சுமாக இருந்த காலம் உண்டென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இருதுருவக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகள் அந்த நிலையைத் தூண்டிவிடலாம்.

உசிலைக்கார ஐயா, அந்தப் பையனுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று நமக்குத் தெரியாதபோது அதை வைத்து இந்தப் பெண்ணின் மருந்தை நிறுத்தச் சொல்லலாமா?

முகவை_பையன் | திங்கள், காலை 8:05

ஏர்வாடி என்று சொன்னதால் எழுதுகிறேன், எனக்குப் பக்கத்து ஊர்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். தர்காவை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் போவோம். இன்றைக்கு அந்தத் தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கட்டும் என்றுதான் 'தவா–துவா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாண்டி கோயிலுக்கும் போங்கள் அண்ணே, அப்பத்தா மனசு நோக வேண்டாம். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போங்கள்.

சிம்மக்கல்_ராசு | திங்கள், இரவு 9:20

தம்பி, எனக்கு 46 வயது. சிம்மக்கல்லில் கடை. இருபது வயதிலிருந்தே இந்த நோய் இருந்தது, பேர் தெரிய ரொம்ப வருடம் ஆனது.

எனக்குக் கழுவுவது இல்லை, பூட்டு. ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டு மாட்டி, இழுத்துப் பார்த்து, குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்து, சாவியைப் பைக்குள் போட்டு, பையைத் தட்டிப் பார்ப்பேன். யானைக்கல் பாலம் ஏறுவதற்குள் "இழுத்தேன், ஆனால் சரியாக இழுத்தேனா?" என்று வந்துவிடும். திரும்பி வருவேன். மறுபடியும் முதலிலிருந்து. எதிர்க்கடைக்காரர் பார்க்கிறார் என்று தெரு ஆள் ஓயும்வரை ஓரமாக நின்றிருக்கிறேன். கடைக்குள் திருட்டுப் போனால் குடும்பமே தெருவுக்கு வரும், அதற்குக் காரணம் நான் ஒருவன்தான் என்பது அந்த நேரத்தில் கண்ணெதிரே நடப்பது மாதிரி இருக்கும். வெளியில் இருப்பவனுக்கு அது வெறும் பூட்டு.

எனக்கு செர்ட்ராலின் கொடுத்தார்கள். 50-இல் தொடங்கி 200 வரை போனது. 200-க்கு வந்து ஒரு மாதம் தாண்டித்தான் வித்தியாசம் புரிந்தது. மாத்திரை போட்டால் எண்ணமே வராது என்று நினைத்திருந்தேன். வரத்தான் செய்தது. பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வோம் இல்லையா, பால் படும், ஒட்டாது. அப்படித்தான் ஆனது. "பூட்டினேனா?" என்று தோன்றும், அது தொண்டையைப் பிடிக்காது, நான் நடந்துகொண்டே இருப்பேன்.

ஆனால் மாத்திரை மட்டும் என்னை முழுதாக வெளியே கொண்டுவரவில்லை. அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு உண்மை சொன்னதாக ஆகாது. மருத்துவர் ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் வீடியோவில்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரே முறை பூட்டு, இழுத்துப் பார்க்காதே, போ. பதற்றம் வரும், வரட்டும், அது ஏறி உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை திரும்பிப் பார்க்காதே. மாத்திரைக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லியிருந்தால் என்னால் பாலம் தாண்டியிருக்க முடியாது. மாத்திரை பதற்றத்தின் உயரத்தைக் குறைத்துக் கொடுத்தது, அந்தக் குறைந்த உயரத்தில் நின்று பயிற்சி செய்தேன். உங்கள் தங்கச்சிக்கும் இந்தப் பயிற்சியைக் கேளுங்கள்.

பக்கவிளைவையும் மறைக்காமல் சொல்கிறேன், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாம்பத்திய ஆசை குறைந்தது, மற்ற சிரமங்களும் இருந்தன. மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. என் வீட்டுக்காரிதான் கூட வந்து சொன்னாள். அளவைக் கொஞ்சம் சரிசெய்தார், நிலைமை தேறியது. இதை வெளியில் சொல்ல முடியாமலேயே மாத்திரையைச் சாக்கடையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். சொன்னால் வழி இருக்கிறது.

மருந்துக்கடை_திருமங்கலம் | செவ்வாய், காலை 7:15

கவுண்டரில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஃப்ளூவாக்செட்டின் வேறு, ஃப்ளூவாக்சமின் வேறு. இரண்டும் ஓசிடிக்குத் தருவதுதான், அளவு வேறு, மற்ற மருந்துகளோடு சேரும் விதமும் வேறு. கையெழுத்துச் சீட்டில் மாறிப்போக வாய்ப்பு உண்டு. அட்டையின் பின்னால் இருக்கும் மருந்துப் பெயரைப் போன மாத அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். கம்பெனிப் பெயர் மாறினால் பரவாயில்லை, மருந்துப் பெயர் மாறக் கூடாது.

இந்த மாத்திரைகள் போதை மாதிரி பழகாது. நாளாக ஆக அளவு கூட்டச் சொல்லி உடம்பு கேட்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரும். இதே வகையைச் சேர்ந்த பராக்செட்டினில் இது அதிகம். ஃப்ளூவாக்செட்டின் உடம்பில் நெடுநாள் தங்குவதால் அதில் குறைவு. பழகிவிடும் என்று பயப்பட வேண்டியது அல்பிரசோலம், குளோனசெபாம் வகைக்கு. படபடப்புக்கு என்று தொடக்கத்தில் கொஞ்ச நாள் எழுதித் தருவார்கள். அவை ஓசிடியைக் குணப்படுத்துவதில்லை. சீட்டில் இத்தனை நாள் என்று போட்டிருந்தால் அத்தனை நாள்தான். "போன தடவை கொடுத்தீங்களே" என்று பழைய அட்டையைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், தலைவலிக்கு ஆஸ்பிரின் என்று எங்கே வாங்கினாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்புக் கூடுகிறது. வலிக்கு டிரமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெதார்பன் கலந்த டானிக் இவற்றையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

பணம் பிரச்சினை என்றால் மதுரை அரசு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம். மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவாகக் கிடைக்கும்.

மேலூர்_அம்மா | செவ்வாய், மதியம் 2:40

தம்பி, என் மகனுக்கு 11 வயது. எழுதிய எழுத்தையே ரப்பர் வைத்து அழித்து அழித்து எழுதுவான். 'ழ' சரியாக வளையவில்லை என்று தாளே கிழிந்துவிடும். பள்ளியில் "அடம்" என்றார்கள். பரீட்சையில் முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டான். மருத்துவர் செர்ட்ராலின் 25-இல் தொடங்கினார், கூடவே பயிற்சியும். சின்னப் பிள்ளைக்கு மனநல மாத்திரையா என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஓசிடிக்காக இந்த மருந்தை 6 வயதிலிருந்தே தர அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது என்று மருத்துவர் உட்காரவைத்து விளக்கினார்.

நான் சொல்ல வந்தது வீட்டில் நாம் செய்வதைப் பற்றி. "சரியா இருக்காம்மா?" என்று கேட்பான், "இருக்குப்பா" என்பேன். உடனே மறுபடி கேட்பான். நான் சொல்லும் ஒவ்வொரு "இருக்குப்பா"வும் நோய்க்குத்தான் தீனி என்று உளவியலாளர் புரியவைத்தார். உங்கள் அம்மா குழாயை மூடிவிடுகிறாரே, அதுவும் அதேதான். ஆனால் நாளைக்கே திடீரென்று நிறுத்தாதீர்கள், அந்தப் பெண் தாங்காது. பயிற்சி சொல்லித்தருபவர் வழிநடத்த, தங்கச்சிக்கும் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

உசிலைக்காரர் | செவ்வாய், இரவு 8:55

எல்லாரும் பயிற்சி, பயிற்சி என்கிறீர்கள். அப்படியானால் நான் சொன்னதுதானே? பயிற்சி மட்டும் போதுமென்றால் மாத்திரை எதற்கு? மகள் வயசுப் பிள்ளை, கல்யாணம் ஆக வேண்டும், அந்த அக்கறையில்தான் கேட்கிறேன்.

மனநல_மாணவி | புதன், காலை 6:10

நியாயமான கேள்வி ஐயா. 2004-இல் அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பயிற்சியும் செர்ட்ராலினும் சேர்ந்து பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் நோயின் பிடியிலிருந்து ஏறக்குறைய வெளியே வந்தார்கள். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 21, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4-க்கும் குறைவு. ஆக, பயிற்சிக்குப் பலம் உண்டு என்பதில் நீங்கள் சரி. நோய் லேசாக இருந்தால் பயிற்சியை மட்டும் வைத்துத் தொடங்கலாம். கையில் ரத்தம் கசியும் அளவுக்கு வந்து, படிப்பே நின்றுபோன பெண்ணிடம் "கழுவாமல் உட்காரு" என்று மட்டும் சொன்னால் இரண்டாவது நாளே வர மாட்டாள்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. இந்தப் பயிற்சியை முறையாகத் தெரிந்தவர்கள் நம் பக்கம் குறைவு. பேச்சுவார்த்தை, ஆறுதல், மூச்சுப்பயிற்சி என்று கொடுப்பதெல்லாம் இது ஆகாது. "பயத்தை எதிர்கொள்ளவைத்து, சடங்கைத் தடுக்கும் பயிற்சி தருவீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டுச் சேருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கடினமான நிலைமை என்றால் உங்கள் மருத்துவர் அங்கே அனுப்புவார்.

வைகை_வடகரை | புதன், இரவு 11:48

இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்துவிட்டு எழுதுகிறேன். எனக்குக் கழுவுவதும் இல்லை, பூட்டும் இல்லை. அம்மன் சந்நிதியில் நின்றால் மனசுக்குள் கெட்ட வார்த்தை வருகிறது. வாயில் வராது, மனசுக்குள். அதற்குப் பரிகாரமாக மனசுக்குள்ளேயே மன்னிப்பு கேட்டுச் சுலோகம் சொல்வேன், நடுவில் மறுபடி அந்த வார்த்தை வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே போகும், நான் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வேன். இப்போது அண்ணன் குழந்தையைத் தூக்கினால் கீழே போட்டுவிடுவேனோ என்று வருகிறது. தூக்குவதே இல்லை. நான் கெட்டவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவும் ஓசிடியா? இதற்கும் மாத்திரை உண்டா?

மனநல_மாணவி | வியாழன், காலை 5:50

தம்பி என்று கூப்பிடுகிறேன். நீங்கள் எழுதியது நல்லது. நீங்கள் சொல்வது ஓசிடியில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் வகை. பக்தி உள்ளவருக்குத்தான் சந்நிதியில் அந்த எண்ணம் இவ்வளவு வலிக்கும். குழந்தைமேல் பாசம் உள்ளவருக்குத்தான் போட்டுவிடுவேனோ என்ற எண்ணம் இவ்வளவு பயம் தரும். விருப்பமில்லாமல் வந்து, உங்களை அருவருக்க வைத்து, நீங்கள் தடுக்கத் தடுக்க மேலும் வரும் எண்ணம் உங்கள் ஆசை ஆகாது. மனசுக்குள் சொல்லும் சுலோகம் அந்தத் தங்கை கழுவும் கைக்குச் சமம், வெளியில் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கும் அதே மருந்துகள்தான், அதே 10–12 வாரம். மருத்துவரிடம் நேரில் சொல்ல வாய் வராவிட்டால் இங்கே எழுதியதை அப்படியே தாளில் எழுதி நீட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள், அரசின் டெலி-மானஸ் எண், இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும்.

சிம்மக்கல்_ராசு | வியாழன், காலை 7:02

வடகரைத் தம்பி, முதல் தடவை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தயங்கினால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரி எனக்கு நடந்து போகும் தூரம். ஓபி சீட்டு வாங்குவதிலிருந்து கூட இருக்கிறேன்.

புதூர்_அண்ணன் | சனி, மாலை 6:33

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மறுபடி மருத்துவரைப் பார்த்தோம். 60 ஆக்கியிருக்கிறார், பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாணவி சொன்னபடி தங்கச்சியிடம் கேட்டேன். "கழுவுறேன், ஆனா நடுவுல போதும்னு தோணுதுண்ணே, முன்னாடி அப்படித் தோணவே தோணாது" என்றாள். இதை எங்களிடம் அவள் சொல்லவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்? கல்யாணம், குழந்தை என்று வரும்போது?

மனநல_மாணவி | சனி, இரவு 9:15

நன்றாக ஆன பிறகு குறைந்தது ஒன்றிலிருந்து இரண்டு வருடம். அதற்குமுன் நிறுத்தினால் திரும்ப வருவது அதிகம். நிறுத்தும்போதும் மாதக்கணக்கில் படிப்படியாகத்தான். சிலருக்கு நீண்டகாலம் தேவைப்படும், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் சாப்பிடுவதை நாம் யாரும் வெட்கமாக நினைப்பதில்லை.

குழந்தை பற்றி: பராக்செட்டினைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது செர்ட்ராலின். திட்டமிடும்போதே மனநல மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போனதும் பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் ஓசிடி கூடுவது உண்டு, அந்த நேரத்தில் பாதுகாப்பில்லாமல் நிற்கக் கூடாது.

மேலூர்_அம்மா | சனி, இரவு 9:50

கல்யாணம் பற்றி நான் சொல்கிறேன். மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை போடும் பெண் முதலில் விடுவது மாத்திரையைத்தான். தெரிந்து கட்டுகிறவன் வரட்டும். அதுவரை அவள் தேர்வுக்குப் படிக்கட்டும், ஒன்றும் அவசரமில்லை.

உசிலைக்காரர் | ஞாயிறு, காலை 10:20

மாத்திரை விஷயத்தில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பிள்ளை "போதும்னு தோணுது" என்று சொன்னது சந்தோஷம். வேறொரு சந்தேகம். என் அண்ணனுக்கு 68 வயது, இதே மாதிரி நோய்க்கு எஸ்சிடாலோபிராம் ஆரம்பித்து மூன்று வாரம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. இரண்டு நாளாகச் சோர்வு, பேச்சில் குழப்பம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா?

மனநல_மாணவி | ஞாயிறு, காலை 10:31

ஐயா, இன்றே அழைத்துப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சேரும்போது ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகலாம். குழப்பம் அதனால் இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம், இரண்டுமே அவசரம்தான். அவசரப் பிரிவில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

உசிலைக்காரர் | ஞாயிறு, மாலை 5:44

சோடியம் குறைவுதானாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நீர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். எஸ்சிடாலோபிராமை என்ன செய்வதென்று நாளைக்கு மனநல மருத்துவர் வந்து பார்த்துச் சொல்வாராம். நன்றிம்மா.